உழைப்பு எப்போது உடற்பயிற்சி ஆகிறது? செம்பூரும் ஆயுளின் கணக்கும்

குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906ஆம் ஆண்டில் போடப்பட்ட ஒற்றை ரயில் பாதை மனிதர்களுக்காகப் போடப்பட்டதன்று. பம்பாய்த் தீவின் குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுசென்று கொட்டுவதற்கான பாதை அது. பயணிகளுக்கு அது திறந்துவிடப்பட்டது 1924இல். தேவநார் குப்பைமேடு 1927 முதல் இருந்துவருகிறது. மாட்டுங்காவில் இடம் போதாமல் போன தமிழ்க் குடும்பங்கள் செம்பூரைத் தேடி வந்தது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும். இன்று மாநகராட்சிக் கணக்கில் இவ்வட்டாரம் எம் மேற்கு, எம் கிழக்கு என இரண்டு வார்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. மேற்கில் டயமண்ட் கார்டனும் செம்பூர் ஜிம்கானாவும். கிழக்கில் கோவண்டியும் சிவாஜி நகரும் குப்பைமேடும்.

விடியற்காலையில் இரண்டு பக்கங்களிலும் மனிதர்கள் உடலை வருத்துகிறார்கள். ஒரு பக்கத்தில் அதற்கு நடைப்பயிற்சி என்று பெயர். மறுபக்கத்தில் வேலை என்று பெயர். 'தொடர்ந்த உடல் இயக்கம் ஆயுளைக் கூட்டும்' என்பது இன்று எவரும் மறுக்காத கூற்று. ஆனால் அக்கூற்றை மருத்துவம் யாருடைய உடல்களை, எந்த வேலையில், எப்போது அளந்து நிறுவியது என்ற வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலில் சொற்கள். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் பத்துக் குறள்கள் உள்ளன. முதலாவது வளி முதலிய மூன்றின் மிகுதி, குறைவு பற்றியது. அடுத்த ஆறு உணவின் அளவு பற்றியவை. எஞ்சிய மூன்று மருத்துவம் பற்றியவை. உடலுக்குப் பயிற்சி தரவேண்டும் என்று ஒரு குறளும் சொல்லவில்லை. இதைக் குறையாகக் காட்டுவது அபத்தம். உழவையும் நெடுநடையையும் அன்றாடமாகக் கொண்ட சமூகத்தில், உடலை அசைக்கும்படி யாரும் யாருக்கும் அறிவுரை கூறத் தேவையில்லை. உண்பதற்கே அளவு சொல்ல வேண்டியிருந்திருக்கும். வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் 'வியாயாமம்' தனியாகவே விளக்கப்படுகிறது; தன் வலிமையில் பாதியளவு வரையே அதைச் செய்ய வேண்டும் என்ற வரம்பும் உண்டு. அதே நூல் நீரிழிவை ஒத்த பிரமேக நோய்க்குச் சொல்லும் சிகிச்சை இன்னும் கவனிக்கத்தக்கது. பொருளற்ற நோயாளி செருப்பும் குடையும் இன்றி, இரந்துண்டு, நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். வேறு சிலர் நிலத்தை உழலாம், கிணறு தோண்டலாம். பயிற்சி என்பது இங்கே தனிச் செயலன்று. ஒருவருடைய தொழிலையே மற்றொருவருக்கு மருந்தாக எழுதிக் கொடுப்பது. கிணறு தோண்டியே பிழைப்பவனுக்குப் பிரமேகம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

தமிழில் உடற்பயிற்சிக்கான அன்றாடச் சொற்களில் கணிசமானவை வெளியிலிருந்து வந்தவை. பயில்வான், குஸ்தி ஆகியவை பாரசீக மூலம் கொண்டவை. கசரத்து அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. தண்டால் வடக்கின் 'தண்ட்' பயிற்சியோடு உறவுடையது. தஞ்சை மராட்டியர் ஆட்சியும் ஆர்க்காட்டு நவாபுகளின் படைகளும் இவ்வகைச் சொற்கள் தெற்கே பரவிய வழிகளுள் அடங்கும். செம்பூரின் தமிழர் ஒருவர் இச்சொற்களைச் சொன்னால் அடுத்த வீட்டு மராட்டியருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ஜிம்கானாவின் பிற்பாதியும் பாரசீகக் 'கானா'தான். இதற்கு மாறாக, பிழைப்புக்காக உடலை வருத்துவதற்கான சொற்கள் தமிழின் அடிமண்ணைச் சேர்ந்தவை. அவற்றில் துன்பமும் கலந்தே இருக்கிறது. 'பாடு' என்ற சொல் உழைப்பையும் வேதனையையும் ஒருங்கே குறிக்கும். 'உழத்தல்' என்பதற்கும் முயலுதல், வருந்துதல் என இரு பொருளும் உண்டு. பயிற்சிக்கு ஒரு சொற்களஞ்சியம், பாடுக்கு வேறொன்று என்று மொழி முன்பே பிரித்து வைத்திருக்கிறது. மருத்துவ ஆய்வாளர்கள் இந்தப் பிரிவுக்கு வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் ஒரு பெயரைச் சொல்லாமல் விடமுடியாது. ஐரோப்பியப் பயில்வான் யூஜின் சாண்டோ 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார், பம்பாய்க்கும் வந்தார். அவர் பெயர் தமிழில் சின்னப்பா தேவருக்கு முன்னொட்டாயிற்று. தமிழிலும் மராட்டியிலும் கையில்லாப் பனியனுக்கு அடைமொழியாயிற்று. உடல் வலிமையின் உலகச் சின்னமான சாண்டோ 1925இல், 58 வயதில் இறந்தார். தசையின் பருமனுக்கும் ஆயுளின் நீளத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்ற அந்தக் காலத்து நம்பிக்கைக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஆதாரமாக இருக்கவில்லை.

ஆதாரம் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் மாரடைப்பு மரணங்கள் பெருகின, காரணம் தெரியவில்லை. ஜெரி மாரிஸ் என்ற சமூக மருத்துவர் தொழில்களை ஒப்பிட்டுப் பார்க்க முடிவு செய்தார். 1949இல் தொடங்கிய ஆய்வின் முடிவுகள் 1953இல் லான்செட் இதழில் வெளியாயின. லண்டன் போக்குவரத்துத் துறையின் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்கள் அதில் அடங்குவர். ஒரே பேருந்து, ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே சமூகப் பின்னணி. ஆனால் ஓட்டுநர் தம் வேலைநேரத்தின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறார், நடத்துநர் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுகிறார். நடத்துநர்களிடம் இதயநோய் ஓட்டுநர்களைவிடக் குறைவாக இருந்தது. வந்தபோதும் பிந்திய வயதில் வந்தது. உடனடி மரணத்தில் முடிவது அரிதாக இருந்தது. அஞ்சல் துறையிலும் இதே கோலம் தெரிந்தது: கடிதம் சுமந்து நடந்த தபால்காரர்கள், மேசையில் அமர்ந்த எழுத்தர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும் விட நலமாக இருந்தனர்.

படிகளின் எண்ணிக்கை எவ்வளவு என்று உணரச் செம்பூரிலேயே ஓர் அளவுகோல் உண்டு. செட்டா நகர் முருகன் கோயிலின் சன்னிதிக்கு ஏற நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். லண்டன் நடத்துநர் அந்தக் கோயிலுக்கு நாள்தோறும் ஐந்தாறு முறை ஏறி இறங்கியதற்குச் சமமாக வேலை செய்தார். பம்பாயிலும் இரண்டடுக்குப் பேருந்துகள் 1937 முதல் ஓடின. பழைய வகையின் கடைசி வண்டி 2023 செப்டம்பரில் ஓய்வுபெற்றது.

மாரிஸின் சிறப்பு அவர் கண்டுபிடிப்பில் மட்டுமில்லை, அதைச் சந்தேகித்த விதத்திலும் இருக்கிறது. ஓட்டுநர் வேலை உடலைக் கெடுக்கிறதா, அல்லது ஏற்கெனவே பருத்த உடலினர்தாம் ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களா? இதைச் சோதிக்க அவருடைய குழு சீருடைப் பதிவேடுகளைத் தேடியது. கால்சட்டைகளின் இடுப்பளவைத் தொகுத்து 1956இல் வெளியிட்ட கட்டுரையில், பணியில் சேரும்போதே ஓட்டுநர்களின் இடுப்பு சற்றுப் பெரிதாக இருந்தது தெரியவந்தது. ஆக, வித்தியாசம் முழுவதையும் படிகளின் கணக்கில் எழுத முடியாது. தம் கருதுகோளுக்கு எதிரான சான்றைத் தாமே தையல் கணக்கில் தேடி எடுத்து அச்சிட்ட அந்த நேர்மை, பின்னர் வந்த பல ஆய்வுகளுக்கு வாய்க்கவில்லை.

திருப்பம் 1960களின் இறுதியில் நிகழ்ந்தது. வேலைகள் இயந்திரமயமாகி வந்தன. எல்லோரும் உட்காரும் உலகம் உருவாகிக்கொண்டிருந்தது. எனவே மாரிஸ் ஓய்வு நேரத்துக்குத் திரும்பினார். அலுவலகத்தில் பணிபுரிந்த ஏறக்குறைய 18,000 பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், வேலைக்கு வெளியே கடுமையான பயிற்சி செய்தவர்களுக்கு இதயநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பார்கரின் பாதையும் இதே திசையில் சென்றது. முதலில் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தின் சுமைத் தொழிலாளர். பிறகு ஹார்வர்டின் பழைய மாணவர்கள். 16,936 பேரை ஆராய்ந்த 1986ஆம் ஆண்டுக் கட்டுரைதான் 'ஆயுள்' என்ற சொல்லை நேரடியாகத் தலைப்பில் கொண்டது. வாரத்துக்கு 2,000 கிலோகலோரிக்கு மேல் செலவிட்டோரின் இறப்பு விகிதம் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு. 80 வயதுவரையிலான கணக்கில் பயிற்சியால் கூடிய ஆயுள் ஓராண்டிலிருந்து இரண்டாண்டுக்குச் சற்று மேல். விளம்பரங்கள் வாக்களிப்பதை நோக்க இது சிறிய தொகை. ஆயினும் ஒரு பெருந்தொகை மக்களில் இது மிகப் பெரிய விளைவு. மாரிஸ் 2009இல் 99 வயதில் இறந்தார். ஓர் உயிர் சான்றாகாது என்பதை அவரே முதலில் சொல்லியிருப்பார்.

சுமைத் தொழிலாளரிலிருந்து ஹார்வர்டுக்கு, பேருந்து நடத்துநரிலிருந்து அரசு எழுத்தருக்கு. இந்த இடப்பெயர்வில் ஆய்வின் பொருளே மாறிவிட்டது. தொடக்கத்தில் உழைப்பின் பயனை அளந்தார்கள். முடிவில் பயிற்சியின் பயனை அளந்தார்கள். இரண்டுக்கும் 'உடல் இயக்கம்' என்ற ஒரே பெயரை இட்டுவிட்டார்கள்.

மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்த தமிழர்களில் கணிசமானோர் தட்டச்சர்கள், சுருக்கெழுத்தர்கள், கணக்கர்கள், ரயில்வே எழுத்தர்கள். மாரிஸின் இரண்டாம் ஆய்வில் பொருந்தியிருக்கக்கூடியவர்கள். தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் முதல் ஆய்வுக்கு நெருக்கமானவர்கள். ஒரே மொழி பேசிய இவ்விரு கூட்டத்தையும் இப்படி ஒப்பிட்டிருந்தால் எவ்வளவோ கற்றிருக்கலாம். பம்பாயில் மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா 1967இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு ஒப்பீட்டைத் தேர்ந்தது: நாடெங்கும் உள்ள ரயில்வே ஊழியரிடையே தென்னிந்தியரின் இதயநோய் மரணம் பஞ்சாபியரைவிட ஏழு மடங்கு. அவருடைய கவனம் உணவுக் கொழுப்பின் வகையில் குவிந்தது. தெற்கு, வடக்கு என்ற பிரிவு பிரபலமாயிற்று. உட்காருபவர், சுமப்பவர் என்ற பிரிவு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

தமிழ்நாட்டில் கிடைத்த உறுதியான சான்று சோதனை வழியாக வந்தது. ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. 2006இல் வெளியான முடிவின்படி, வழக்கம்போல் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் சென்றனர். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினர். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ இதேதான். இத்திட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு நுணுக்கம் உண்டு. உட்கார்ந்து வேலை செய்தோருக்கு நாள்தோறும் அரைமணி நேர விறுவிறுப்பான நடை பரிந்துரைக்கப்பட்டது. உடலுழைப்பாளர்களையும் அன்றாடம் அரைமணிக்கு மேல் நடப்பவர்களையும் சைக்கிள் மிதிப்பவர்களையும் தம் வழக்கத்தையே தொடரச் சொன்னார்கள். உழைப்பே பயிற்சிக்கு ஈடு என்ற அனுமானம் அதில் அடங்கியிருந்தது. அந்தக் காலத்து அறிவுக்கு அது நியாயமான அனுமானமே.

2014இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, 14,227 பேரிடம் வேலை, போக்குவரத்து, பொழுதுபோக்கு என மூன்று களங்களாகப் பிரித்துக் கேட்டது. பாதிக்கும் மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், போதிய இயக்கமற்றவர்கள். பொழுதுபோக்காக எந்த உடலியக்கமும் செய்யாதோர் மகாராட்டிரத்தில் 91.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 93.1 விழுக்காடு. செம்பூர்த் தமிழர் தம் இரண்டு ஊர்களில் எதைச் சொந்தமென்று கொண்டாலும் நிலைமை ஒன்றுதான். இந்தியரின் உடலியக்கத்தில் பெரும்பங்கு வேலையிலிருந்தே வருகிறது. ஆகவே வேலை ஆயுளைக் கூட்டுகிறதா என்பது இங்கே ஓரத்துக் கேள்வியன்று.

கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பின்தொடர்ந்து ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு 2021இல் வெளியிட்ட முடிவு சங்கடமானது. ஓய்வுநேர இயக்கம் கூடக்கூட இதயநோயும் மரணமும் குறைந்தன. வேலைநேர இயக்கம் கூடக்கூட அவை அதிகரித்தன. இதை உடலியக்க முரண் என்கிறார்கள். விளக்கமாக அவர்கள் முன்வைப்பவை எளியவை. நடைப்பயிற்சி செய்பவர் இதயத்தைச் சிறிது நேரம் வேகமாக ஓடவிட்டு ஓய்வு தருகிறார். சுமப்பவரின் இதயம் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ, பயிற்சியாகும் அளவுக்கு வேகமின்றியும் ஓய்வாகும் அளவுக்குத் தணிவின்றியும் இயங்குகிறது. பாரம் தூக்குவதும் ஒரே நிலையில் குனிந்து நிற்பதும் நாள் முழுவதும் இரத்த அழுத்தத்தை உயர்த்தி வைக்கின்றன. எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இல்லை. சுசுருதர் சொன்ன 'வலிமையில் பாதி' என்ற வரம்பு கூலி வேலைக்குப் பொருந்தாது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அதே 2021இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வொன்று, கல்வி, வருமானம், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின் உடலுழைப்பு ஆண்களின் ஆயுளைக் கூட்டுவதாகவே கண்டது. முரண்பாடு உழைப்பிலா, உழைப்பைச் சூழ்ந்த வறுமையிலா என்பது இன்னும் வழக்கில் இருக்கும் கேள்வி. ஆனால் ஸ்காண்டிநேவியாவில் வறுமையைக் கழித்துக் கணக்கிடலாம். கோவண்டியில் அதைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? பம்பாயில் 1990களில் தொடங்கி 1,48,173 பேரைச் சேர்த்த மும்பைத் தொடராய்வு, உடல் மெலிந்தோரின் இறப்பு ஆபத்து மிகுதி என்று காட்டியது. மேலை நாட்டு நூல்கள் கொழுத்த உடலை எச்சரித்துக்கொண்டிருக்க, இந்நகரில் எலும்பும் தோலுமான உடலும் அதே அளவுக்கு ஆபத்தில் இருந்தது. போதிய சோறின்றிச் செலவழியும் கலோரியைப் பயிற்சி என்று பதிவது அறிவியலுக்கும் அழகன்று. காற்றும் இதில் சேரும். 2016 ஜனவரி இறுதியில் தேவநார் குப்பைமேடு பற்றியெரிந்தபோது எழுந்த புகை செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. மாகுல், அம்பாபாடா, செம்பூர்ப் பகுதிகளின் காற்று மாசுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020இல் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வேகமாக உழைப்பவர் ஆழமாக மூச்சிழுக்கிறார்.

எம் கிழக்கு வார்டைப் பற்றிப் பேசும் எவரும் ஓர் எண்ணைச் சொல்வார்கள்: அங்கே ஆயுட்காலம் 39 ஆண்டுகள் என்று. செய்தித்தாள்களில் பலமுறை வந்த எண் இது. உண்மையில் அது ஆயுட்கால எதிர்பார்ப்பு அன்று. பதிவான மரணங்களின் சராசரி வயது. இரண்டும் வேறு. குழந்தைகளும் இளைஞர்களும் மிகுந்த வட்டாரத்தில், எந்த வயதிலும் இறப்பு ஆபத்து மற்ற இடங்களைப் போலவே இருந்தாலும், இறந்தோரின் சராசரி வயது குறைவாகத்தான் இருக்கும். முதியோர் மிகுந்த வட்டாரத்தில் அது தானாகவே உயர்ந்து நிற்கும். நல்ல நோக்கத்துக்காகத் தவறான எண்ணைப் பயன்படுத்துவது அந்த நோக்கத்துக்கே தீங்கு. ஒரு கணக்கர் எழுந்து அதை உடைத்துவிட்டால், உடைந்தது எண் மட்டுமே என்று கேட்பவர்கள் பிரித்தறிய மாட்டார்கள். குழந்தை மரணம், காசநோய், ஊட்டக்குறைவு ஆகியவை அங்கே மிகுதி என்பதற்கு 39 தேவையில்லை.

இந்த வேறுபாட்டைக் கற்பிக்கும் நிறுவனம் அந்த வார்டிலேயே இருப்பதுதான் விந்தை. 1956இல் மத்திய அரசு, ஐக்கிய நாடுகள் அவை, சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஆகியவற்றின் கூட்டில் தொடங்கிய மக்கள்தொகைப் பயிற்சி மற்றும் ஆய்வு மையம் நீண்ட காலம் செம்பூர் முகவரியில் அறியப்பட்டது. இன்று அது தேவநாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். அதன் தொடக்கக் கால இயக்குநர்களுள் ஒருவர் சி. சந்திரசேகரன். டெமிங்குடன் இணைந்து அவர் 1949இல் வெளியிட்ட முறை உலகெங்கும் பயன்படுவது: பிறப்பு, இறப்புகளை இரண்டு தனித்தனிப் பட்டியல்களில் பதிந்து, அவற்றை ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிடுவது. பதிவேட்டில் ஏறாத மரணத்துக்கும் கணக்குண்டு என்பதே அதன் சாரம்.

இந்தியாவின் முதுமை பற்றிய மிகப் பெரிய தொடராய்வான லாசியை நடத்துவதும் இந்நிறுவனமே. 2017-18இல் நடந்த அதன் முதல் சுற்றில் 45 வயதும் அதற்கு மேலும் ஆன 72,250 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் 31,464 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். நம் நாட்டில் உடலியக்கத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை வருங்கால ஆய்வாளர்கள் பெரும்பாலும் இத்தரவிலிருந்தே எழுதப்போகிறார்கள். யோகாவுக்கும் பிராணாயாமத்துக்கும் அதன் வினாத்தாளில் தனிக் கேள்வி உண்டு. கடுமையான இயக்கத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள் என்று கேட்டு எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறது: ஓடுதல், நீந்துதல், ஜிம்முக்குச் செல்லுதல், மண்வெட்டியால் தோண்டுதல், பாரம் தூக்குதல், விறகு பிளத்தல், வயல் வேலை, சுமையோடு சைக்கிள் மிதித்தல். எல்லாம் ஒரே வாக்கியத்தில். ஜிம்கானாவிலிருந்து வெளியே வருபவரும் குப்பைமேட்டில் கூடையைத் தூக்குபவரும் இக்கேள்விக்கு 'தினமும்' என்றால், தரவுக் கோப்பில் இருவருக்கும் விழுவது ஒரே குறியீடு.